மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட கப்பல்: 1880இல் ‘ஜித்தா’வில் போன ஹாஜிமாரின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஹஜ்ஜுக்கு ஆட்கள் புறப்படும் நாட்களில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் வேன் நிற்கும். உள்ளே கூட்டம். முஸாபஹா செய்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவைப்போம். கட்டுநாயக்கவில் ஏறினால் அன்றைக்கே ஜித்தா. நாம் வீடு திரும்பிப் படுப்பதற்குள் போய்ச் சேர்ந்த படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

நம் மூத்தவர்களின் காலத்தில் அது கப்பல் பயணம். போகிறவர் கபன் புடவையையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போவார். கடனை அடைத்து, வஸிய்யத் எழுதி, திரும்பி வந்தால் அல்லாஹ்வின் கிருபை என்ற நினைப்போடு படி இறங்குவார். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. கடல் அப்படி இருந்தது. கப்பல்களும் அப்படித்தான் இருந்தன.

அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம். அதன் பெயரே ‘ஜித்தா’. 1880 ஓகஸ்ட் மாதம் அது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஹாஜிமாரோடு கடலில் மூழ்கிவிட்டதாக உலகத்துக்குச் செய்தி போனது. செய்தியைச் சொன்னவர் வேறு யாருமில்லை, அந்தக் கப்பலின் கப்டனே. அடுத்த நாள் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கதை.

முதலில் கப்பலைப் பற்றி.

ஜித்தா ஓர் இரும்பு நீராவிக் கப்பல். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1872இல் கட்டப்பட்டது. சிங்கப்பூரில் இருந்த ஒரு கப்பல் கம்பனிக்காக, ஹாஜிமாரை ஏற்றிச் செல்வதை மனதில் வைத்தே கட்டினார்கள். கம்பனியை நடத்தியவர் செய்யித் முஹம்மத் அல்ஸகாஃப். யெமனின் ஹழ்ரமௌத் பகுதியிலிருந்து வந்து சிங்கப்பூரில் பெரும் வர்த்தகர்களான ஓர் அரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கப்பலில் பறந்தது பிரித்தானியக் கொடி. கப்டனும் மேல்நிலை அதிகாரிகளும் ஐரோப்பியர். கீழ்நிலை மாலுமிகள் ஆசிய நாட்டவர். ஏறிய பயணிகள் மலாய்த் தீவுகளைச் சேர்ந்த முஸ்லிம்கள். விக்டோரியா மகாராணியின் காலத்து வியாபாரக் கப்பல் உலகம் முழுவதையும் அந்த ஒரு கப்பலுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தக் கடல் வழி மாறிப்போனது. ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் செங்கடல் வழியாகவே போய் வரத் தொடங்கின. பாய்க்கப்பலில் காற்றுக்காகக் காத்திருந்து மாதக்கணக்கில் போன ஹஜ் பயணம் வாரக்கணக்கில் முடியும் பயணமானது. ஜாவா, சுமாத்ரா போன்ற இடங்களிலிருந்து ஒல்லாந்தரின் கெடுபிடிகளைத் தவிர்க்க விரும்பிய பலர் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்து கப்பல் ஏறினார்கள்.

ஆட்கள் கூடினார்கள். வியாபாரமும் கூடியது. ஹாஜிமார் கப்பலின் தட்டுகளில் பாய் விரித்துப் படுத்து, சமைத்து, தொழுது, அதிலேயே நாட்களைக் கழித்தார்கள். போய்த் திரும்பக் காசு போதாதவர்கள் கடன்பட்டார்கள். அந்தக் கடனை ஸகாஃப் குடும்பத்தின் ஜோகூர்த் தோட்டத்தில் உழைத்துக் கழித்தவர்களும் உண்டு. நமது மார்க்கக் கடமை ஒன்றைச் சுற்றி இப்படியும் ஒரு சந்தை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

1880 ஜூலை 17ஆம் திகதி ஜித்தா சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. பினாங்கில் நின்று, அங்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஜூலை 20இல் மேற்கே திரும்பியது. அடித்தட்டில் ஏறக்குறைய 600 தொன் சரக்கு. பெரும்பாலும் சீனி, மரம், பலசரக்கு. மேலே மனிதர்கள். எத்தனை பேர் என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. ஒரு கணக்கு 953 என்கிறது. 778 ஆண்கள், 147 பெண்கள், 67 பிள்ளைகள் என்று பிரித்துச் சொல்லும் கணக்கைக் கூட்டினால் 992 வருகிறது. மூட்டைகளுக்கு நிறுவைக் கணக்கு இருந்த கப்பலில் மனிதர்களின் தொகை இரண்டாக நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்டனின் பெயர் ஜோசப் லூக்கஸ் கிளார்க். அவருடைய மனைவியும் கூடவே பயணம் செய்தார். முதல் அதிகாரி ஒகஸ்டின் பொட்மோர் வில்லியம்ஸ். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரின் மகன். அப்போது வயது 28. கப்பல் உரிமையாளரின் நெருங்கிய உறவினரான செய்யித் உமர் என்பவரும் அதில் இருந்தார்.

பினாங்கிலிருந்து செங்கடலுக்குப் போகிற கப்பல் நம் தீவுக்குத் தெற்கால்தான் போக வேண்டும். நம் கடலைத் தாண்டி அது அரபிக் கடலின் வாய்க்குள் நுழைந்தபோது ஓகஸ்ட் பிறந்துவிட்டது. நம் கிழக்குக் கரையில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் மாதம். இங்கே நம் கண்ணில் மண்ணைப் போடுகிற அந்தத் தென்மேல் பருவக்காற்றுத்தான் ஆபிரிக்காவின் கொம்புக்கு அப்பால் மலை போல அலை எழுப்பும். அந்தப் பருவத்தில் அந்தக் கடலைக் கடப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டமான காரியம். ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போனது ஜித்தா.

ஓகஸ்ட் முதல் வாரத்தில் கடல் கடுமையானது. கப்பல் பக்கத்துக்குப் பக்கம் உருண்டதில், எஞ்சின் அறையில் கொதிகலன்கள் தம் இருக்கையிலிருந்து அசையத் தொடங்கின. கொதிகலன் என்றால் வீட்டுக் கேத்தல் போல நினைக்காதீர்கள். தொன் கணக்கில் எடையுள்ள இரும்புப் பீப்பாய்கள். அவை அசைந்தால் அவற்றோடு பொருத்திய குழாய்கள் முறியும். அதுதான் நடந்தது. ஆப்பு அடித்து இறுக்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. குழாய் முறிந்த இடத்தால் கடல் நீர் உள்ளே வந்தது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. வந்த தண்ணீரை வெளியேற்றும் பெரிய பம்பிகள் நீராவியால் இயங்குகிறவை. நீராவியைத் தருவது கொதிகலன். கொதிகலன் நின்றால் பம்பியும் நிற்கும், எஞ்சினும் நிற்கும். எஞ்சின் நின்றால் கப்பலை அலைக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் கிடந்து இன்னும் மோசமாக உருளும். உருண்டால் உடைவு கூடும். ஒரு பழுது அடுத்த பழுதைப் பெற்றுக்கொண்டே போனது. பாய் விரித்துப் பார்த்தார்கள். காற்று பாயைக் கிழித்துப்போட்டது.

எஞ்சியது கைப்பம்பியும் வாளியும். அவற்றை இயக்க ஆட்கள் வேண்டும். ஆட்கள்தான் கப்பல் நிறைய இருந்தார்களே. ஹாஜிமார் எஞ்சின் அறைக்கு வரிசையாக நின்று தண்ணீரை அள்ளி இறைத்தார்கள். இது ஒரு நாள் வேலை அல்ல. இரவும் பகலும் நடந்தது.

இந்த இடத்தில் நாம் ஒரு சின்னக் கணக்குப் பார்த்தோம். அந்த ஓகஸ்ட் மாதத்தை ஹிஜ்ரி நாட்காட்டியோடு ஒப்பிட்டால், ஓகஸ்ட் 7ஆம் 8ஆம் திகதிகள், ஒரு நாள் முன்பின்னாக, ஹிஜ்ரி 1297 றமழானின் தலைப்பிறை நாட்கள். கணக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேனையைக் கீழே வைத்துவிட்டோம். ஊரில் இருந்திருந்தால் பிறை பார்க்கத் திடலுக்கு ஓடியிருக்க வேண்டிய பிள்ளைகள் அந்தக் கப்பலின் தட்டில் நனைந்து கிடந்தார்கள். நிலவில்லாத இருட்டு. பயணிக்கு நோன்பை விடச் சலுகை இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் வேலைக்கு அந்த இரவில் எந்தச் சலுகையும் இல்லை.

ஓகஸ்ட் 7ஆம் திகதி இரவு. சோமாலியக் கரைக்கு அப்பால், குவார்டாபுயி முனைப் பக்கமாகக் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் உயிர்காப்புப் படகுகளைத் தயார் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் படகுகளில் ஏற்றக்கூடியது கப்பலில் இருந்தவர்களில் ஒரு சிறு பகுதியினரைத்தான். இதைப் புரிந்துகொள்ளக் கடல் படிப்பு வேண்டியதில்லை. கீழே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விளங்கியது. கப்பலை ஓட்டத் தெரிந்த ஒரே கூட்டம் கப்பலை விட்டுப் போகப்போகிறது.

8ஆம் திகதி அதிகாலை இருட்டில் கப்டனின் படகு இறங்கியது. ஹாஜிமார் தடுத்தார்கள். கைகலப்பு நடந்தது. கையில் அகப்பட்டதையெல்லாம் படகை நோக்கி எறிந்தார்கள். அதைக் கண்டு நாம் வெட்கப்படவும் தேவையில்லை, பெருமைப்படவும் தேவையில்லை. பெண்டு பிள்ளைகளோடு சாவுக்கு விட்டுவிட்டுப் போகிறவனைப் பார்த்து எந்த மனிதன்தான் கைகட்டி நிற்பான்? கடைசியில் படகு போய்விட்டது. கப்டன், அவருடைய மனைவி, முதல் அதிகாரி வில்லியம்ஸ், தலைமை எஞ்சினியர், வேறு சில ஊழியர்கள் அதில் போனார்கள். கப்பல் உரிமையாளரின் உறவினர் செய்யித் உமரும் அதில் போனார்.

இன்னொரு படகில் போக முயன்ற அதிகாரியோடும் சில ஆட்களோடும் அந்தப் படகு குழப்பத்தில் கவிழ்ந்து, உயிர்கள் போயின. அந்த இரவு இறந்தவர்களுக்காகவும் வருந்தத்தான் வேண்டும்.

படகில் போனவர்களை அன்று காலையே ‘சிந்தியா’ என்ற நீராவிக் கப்பல் கண்டு ஏற்றிக்கொண்டது. ஓகஸ்ட் 10ஆம் திகதி ஏடன் துறைமுகத்தில் இறக்கியது. ஏடன் அப்போது பிரித்தானியர் கையில் இருந்தது. தந்திக் கம்பி இருந்தது. கப்டன் தன் கதையைச் சொன்னார். கப்பல் மூழ்கிவிட்டது. ஹாஜிமார் அதோடு போய்விட்டார்கள். அவர்கள் வெறிகொண்டு அதிகாரிகளைத் தாக்கினார்கள், கொன்றார்கள். உயிர் தப்புவதற்காகத்தான் நாங்கள் படகில் இறங்க வேண்டி வந்தது. இதுதான் சாரம்.

தந்தி பறந்தது. சிங்கப்பூருக்குப் போனது. இலண்டனுக்குப் போனது. ஆயிரம் பேர் வரை கடலில் மாண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கப்பலேற்றி அனுப்பியவர்களின் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கதையை உலகம் ஏன் அவ்வளவு லேசாக நம்பியது? சொன்னவர் கப்டன் என்பது ஒரு காரணம். கேட்டவர்களின் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது என்பது இன்னொரு காரணம். 1865இல் மக்காவில் ஹஜ் காலத்தில் கொலரா பரவி, பிறகு ஐரோப்பா வரை போனது. அதற்குப் பிறகு ஐரோப்பியப் பேச்சில் ஹஜ் பயணி என்றால் நோயைச் சுமந்து வருகிறவன். இன்னொரு பக்கத்தால் மார்க்க வெறியன். கூட்டமாக இருந்தால் ஆபத்தானவன். அப்படி நினைத்திருந்த காதுகளுக்குக் கப்டனின் கதை புதிதாகவே இல்லை. எதிர்பார்த்திருந்த கதையாகவே கேட்டது. ஒரு கூட்டத்தைப் பற்றி முடிவெடுத்துவிட்டுக் கேட்கும்போது எந்தப் பொய்யும் பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டதாக இருக்கும். இதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

இனி ஓகஸ்ட் 11ஆம் திகதிக்கு வருவோம். கப்டன் ஏடனில் இறங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

துறைமுகத்துக்குள் ‘அன்டனோர்’ என்ற கப்பல் வந்தது. லிவர்பூலைச் சேர்ந்த ஹோல்ட் கம்பனியின் கப்பல். சீனாவிலிருந்து இலண்டனுக்குப் போகும் வழி. அதன் பின்னால், கயிற்றில் கட்டி இழுபட்டு, இன்னொரு கப்பல் வந்தது. கரையில் நின்றவர்கள் பெயரை வாசித்தார்கள். ஜித்தா.

தட்டு நிறைய ஆட்கள். உயிரோடு.

நடந்தது இதுதான். கப்டனின் படகு இருட்டில் மறைந்த பிறகு, கப்பலில் எஞ்சியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உட்கார்ந்து அழுவது ஒன்று. வாளியை மறுபடி எடுப்பது மற்றது. அவர்கள் வாளியை எடுத்தார்கள். எஞ்சிய ஊழியர் சிலரோடு சேர்ந்து தொடர்ந்து தண்ணீர் இறைத்தார்கள். அபாயக் கொடியை ஏற்றினார்கள். கப்பல் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகையில் அன்டனோர் கண்டது. நெருங்கி வந்தது. அதன் முதல் அதிகாரி ஏறி வந்து நிலைமையைப் பார்த்தார். இறைப்பதை ஒழுங்குபடுத்தினார். கயிறு கட்டினார்கள். மூன்று நாள் பயணம். முழு வழியும் பம்பியும் வாளியும் ஓயவில்லை.

மூழ்கும் என்று மாலுமிகள் கைவிட்ட கப்பல் மூழ்கவில்லை. கடல் தெரியாத விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் கிழவர்களும் பெண்களும் அதை மிதக்க வைத்திருந்தார்கள்.

ஏடனில் விசாரணை மன்றம் கூடியது. கப்பல் துறையில் இது வழக்கமான நடைமுறை. கப்பல் இழப்போ பெரிய விபத்தோ நடந்தால் மன்றம் விசாரிக்கும். அதிகாரிகளின் சான்றிதழைப் பறிக்கவோ இடைநிறுத்தவோ அதற்கு அதிகாரம் உண்டு. மன்றம் கப்டனின் கதையை ஏற்கவில்லை. கப்பலைக் கைவிட்டது கடலோடிக்குத் தகாத செயல் என்றது. பயணிகளைச் சரியாக ஒழுங்குபடுத்தி வேலை வாங்கியிருந்தால் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது, பின்னால் நடந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. கப்டனின் பயத்தைக் கிளறி, கைவிடத் தூண்டியவர் என்று முதல் அதிகாரி வில்லியம்ஸ் மீதும் கடுமையாகக் குறை சொன்னது. பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் காலத்தில் இத்தனை பேரை ஏற்றி அனுப்பியதையும் சுட்டிக்காட்டியது.

கப்டன் கிளார்க்கின் சான்றிதழ் மூன்று வருடங்களுக்கு இடைநிறுத்தப்பட்டது. தண்டனை அவ்வளவுதான். ஆயிரம் உயிருக்கு மூன்று வருடமா என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத் தலைமை அதிகாரி கப்டன் எல்லிஸ், ஓர் ஆங்கிலேயர், தண்டனை போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார். இலண்டன் பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. தண்டனை கூடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையை ‘வெள்ளைக்காரன் நம்மைக் கைவிட்டான்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். விருப்பங்களும் பகிர்வுகளும் நிறைய வரும். ஆனால் கதை அப்படி இல்லை. ஓடிப்போன படகில் கப்பல் சொந்தக்காரரின் உறவினரும் இருந்தார். அவர் நம்மவர், செய்யித் வம்சத்தவர். இழுத்து வந்து கரைசேர்த்த அன்டனோரின் அதிகாரிகள் ஐரோப்பியர். கப்டனின் பொய்யைப் பொய் என்று எழுதிவைத்தது பிரித்தானிய மன்றம். தண்டனை போதாது என்று குரல் கொடுத்தவரும் ஆங்கிலேயர். அந்தக் கடலில் மனிதர்கள் இனத்தாலும் மார்க்கத்தாலும் பிரிந்து நிற்கவில்லை. தங்கியவர், போனவர், திரும்பிப் பார்த்து உதவிக்கு வந்தவர் என்றுதான் பிரிந்து நின்றார்கள். சரித்திரத்தைப் படிக்கும்போது நமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், நாமும் கப்டன் கிளார்க் செய்ததையே செய்கிறோம்.

கதைக்கு இன்னொரு வாலும் இருக்கிறது.

வில்லியம்ஸ் சிங்கப்பூருக்கே திரும்பினார். வேலை தேடி அலைந்து, கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் ஒரு கம்பனியில் எழுத்தராகச் சேர்ந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குப் படகில் போய் வியாபாரம் பிடிக்கிற வேலை. ஜித்தாவை விட்டு ஓடியவர் இவர்தான் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரை மாற்றவில்லை. பெயரையும் மாற்றவில்லை. அங்கேயே வாழ்ந்து 1916இல் இறந்தார்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு வந்துபோன ஒரு மாலுமி இந்தக் கதையைக் கேட்டார். போலந்துக் குடும்பமொன்றில் பிறந்து ஆங்கிலக் கப்பல்களில் வேலை செய்தவர். பெயர் ஜோசப் கொன்ராட். பின்னாளில் எழுத்தாளரானார். 1900இல் வெளிவந்த அவருடைய ‘லோர்ட் ஜிம்’ நாவல் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. அதில் கப்பலின் பெயர் ‘பட்னா’. அதிலும் ஹாஜிமார். அதிலும் அதிகாரிகள் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நாயகன் ஜிம் பாதிரியாரின் மகன், கப்பலிலிருந்து குதித்தவன், அந்த வெட்கத்தை வாழ்நாளெல்லாம் சுமக்கிறவன். உலகத்தின் சிறந்த நாவல்களில் ஒன்றாக அதைப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறார்கள். 1965இல் திரைப்படமாகவும் வந்தது.

நாவலைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஒரு பயந்த நிமிடம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் துரத்தும் என்று அதைப் போல ஆழமாகச் சொன்ன கதைகள் குறைவு. நாம் கேட்பது வேறு. நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது, குதித்தவனின் மனச்சாட்சியைப் பற்றித்தான் பேசுகிறது. இறைத்தவர்களின் கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஓடிய கப்டனின் பெயர் தெரியும். முதல் அதிகாரியின் பெயர், ஊர், தகப்பனின் தொழில், இறந்த வருடம் எல்லாம் தெரியும். வாளி பிடித்த அந்தக் கூட்டத்தைத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்ற எண்ணாகவே சரித்திரம் அறிகிறது. முதலில் சொன்னோமே, அந்த எண்ணும் இரண்டாக நிற்கிறது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். ஒரு பிள்ளை எழுந்து கேட்டது, “டீச்சர், கப்டன் முதல்ல சொன்னத எல்லாரும் நம்பினாங்கதானே, கப்பல் வராமப் போயிருந்தா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு பாடத்தைத் தொடரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உண்மைதான். அன்டனோர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால், அல்லது இன்னும் ஒரு நாள் அலை கூடியிருந்தால், கப்டனின் வாய்மொழியே சரித்திரமாகி இருக்கும். மார்க்க வெறியர்கள் அதிகாரிகளைத் தாக்கினார்கள், கப்பல் மூழ்கியது என்று பாடப் புத்தகத்திலும் எழுதியிருப்பார்கள். நாமும் அதைத்தான் படித்து, படிப்பித்துக்கொண்டிருப்போம். மறுத்துச் சொல்லச் சாட்சிகள் கடலுக்கு அடியில் இருந்திருப்பார்கள். இப்படிக் கரைக்கு வந்து சேராத கப்பல்கள் சரித்திரத்தில் எத்தனை?

ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னோம். அதையே இங்கும் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, கரைக்கு முதலில் வந்து சேர்ந்தவனின் செய்தி முழுச் செய்தி ஆகாது. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை நமக்குத் தரப்பட்டிருக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு கைசேதப்படக் கூடாது என்பதுதான் அதன் காரணம். நம்மைப் பற்றி வந்த தந்திகளால் நாம் பட்ட துன்பம் நமக்குத் தெரியும். அதே கையால் அடுத்த சமூகத்தைப் பற்றி, அடுத்த ஊரைப் பற்றி, அடுத்த வீட்டைப் பற்றி வருகிற செய்தியை விசாரிக்காமல் முன்னே தள்ளிவிடுகிறோமா என்று ஒவ்வொரு இரவும் நம் போனைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றது, தவக்குல் என்றால் என்ன என்பது. பள்ளிவாசலில் பலமுறை கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது இல்லை. அந்தக் கப்பலில் துஆ நின்றிருக்காது என்பது நிச்சயம். வாளியும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அவர்கள் ஏடன் கரையைக் கண்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரிலும் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். உம்மம்மா சொன்ன கதை, அப்பா கொண்டுவந்த பெட்டி, பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்கள், கடலில் ஜனாஸா தொழுது இறக்கிய நினைவு, எதுவாக இருந்தாலும் எழுதிவையுங்கள். எழுத நேரமில்லை என்றால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பெயர்களோடு, ஊரோடு, வருடத்தோடு. இந்தப் பதிவின் கீழே எழுதினாலும் சரி, நம் பாடசாலைக்கு வந்து சொன்னாலும் சரி. பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிச் சேர்க்க நினைத்திருக்கிறோம்.

ஜித்தாவில் வாளி பிடித்தவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. நம் வீட்டு ஹாஜிமாரின் பெயர்களையாவது நாம் எழுதிவைப்போம்.

பெயர் தெரியாத அந்த ஹாஜிமாரின் ஹஜ்ஜை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்த இரவில் கடலில் போன உயிர்களுக்காகவும் அவனிடமே கையேந்துகிறோம்.

வஸ்ஸலாம்.